பன்னிரண்டு மணி நேரக் குறைவு

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பற்றிக் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். 2013 ஆடியில் அந்தக் காற்று என் கட்சிக்காரரின் விமானத்தை ஓடுதளத்தில் மூக்குக் குப்புற உட்கார வைத்தது.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செஸ்னா 172. நாலு பேர் உட்காரலாம், ஒற்றை எஞ்சின், முன்னால் ஒரு புரொபெல்லர். உலகத்திலேயே அதிகம் தயாரிக்கப்பட்ட விமான ரகம் அது. நூற்பாலைக் குடும்பத்தைச் சேர்ந்த என் கட்சிக்காரர் அதைப் பழையதாக வாங்கி ஆசையாக வைத்திருந்தார். ஓட்டியவர் ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர். பயணிகள் விமானத்தில் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஓட்டியவர். கடைசிப் பல வருஷம் ஏர்பஸ். மொத்தம் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்.

இறங்கும்போது பக்கவாட்டில் காற்று அடித்தது. சக்கரம் தரையைத் தட்டியதும் விமானம் எம்பியது. மறுபடி விழுந்தபோது முன்சக்கரம் முதலில் பட்டு இன்னொரு தரம் எம்பியது. மூன்றாம் தரம் முன்சக்கரத்தின் கால் மடங்கி, புரொபெல்லர் தரையை அறைந்து நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் ஓடும் புரொபெல்லர் தரையில் பட்டால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் மறுபடி பறக்க முடியாது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகடும் வளைந்திருந்தது. சர்வேயர் சுமார் 40 லட்சம் என்று மதிப்பிட்டார்.

காப்பீட்டுக் கம்பெனி ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்று கடிதம் அனுப்பியது. காரணம் பாலிசி அட்டவணையில் இருந்த ஒரு வரி. விமானத்தை ஓட்டுபவருக்கு மொத்தம் 500 மணி நேரமும், காப்பீடு செய்யப்பட்ட அதே ரக விமானத்தில் 50 மணி நேரமும் பறந்த அனுபவம் இருக்க வேண்டும். பைலட் வாரன்ட்டி என்பார்கள். கேப்டனின் பதிவேட்டில் செஸ்னா 172க்கு நேராக இருந்தது 38.

கட்சிக்காரர் கடிதத்தை என் மேஜைமேல் போட்டுவிட்டுச் சொன்னார்: "பத்தாயிரம் மணி நேரம் ஓட்டுன ஆளுங்க, வக்கீல் சார். அவருக்குப் பன்னண்டு மணி நேரம் பத்தலைன்னா இது என்னங்க நாயம்?"

கேட்டவுடன் எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. உரிமம் சரியாக இருந்தது. அதில் செஸ்னா 172 முறைப்படி ஏற்றப்பட்டிருந்தது. மருத்துவத் தகுதி காலாவதியாகவில்லை. அரசு கேட்டதெல்லாம் அவரிடம் இருந்தது. கம்பெனி கேட்டதில்தான் பன்னிரண்டு குறைந்தது.

அன்று அறையில் கேப்டனும் இருந்தார். அதிகம் பேசாதவர். கட்சிக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, பதிவேட்டில் ஒரு பன்னிரண்டு மணி விட்டுப்போயிருக்கலாமே, தேடிப் பார்த்தால் கிடைக்காதா என்று இழுத்தார். வக்கீல் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இழுவை பழக்கமானது. நான் வாய் திறப்பதற்குள் கேப்டன் சொன்னார்: "பார்க்கர் பேனா மணி என் லாக் புக்ல கிடையாதுங்க. இனிமேலும் வராது."

பறக்காத நேரத்தைப் பேனாவால் பறப்பதற்குப் பைலட்டுகள் வைத்திருக்கும் பெயர் அது. எங்கள் பேச்சுக்கு இரண்டு வருஷம் முன்னால், 2011ல், போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய பைலட்டுகள் கைதாகி நாடே பேசியது. அதே வருஷம் ராஜஸ்தானில், பறக்காத மணிகளைப் பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்ததாகப் பயிற்சிப் பள்ளி ஒன்றின்மீது லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும், அதற்குள் நெடுந்தூரப் பயணம், இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது என்று உள்கணக்குகள். ஒவ்வொரு மணிக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம். எண் ஒன்றைச் சட்டத்தில் எழுதினால் அதை எட்டுவதற்கு ஒரு குறுக்குவழியும் சந்தையில் வந்துவிடும். நிலப் பத்திர மதிப்பிலிருந்து வருகைப் பதிவேடுவரை பார்த்தவன் என்பதால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கேப்டன் கோபப்பட்டதுதான் பிடித்தது. வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

மாநில நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். நான் நம்பியிருந்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் ஒரு வரிசையை. 1996ல் நாகராஜு வழக்கு: லாரியில் அனுமதித்ததற்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள், அந்தக் கூடுதல் ஆட்கள் விபத்துக்குக் காரணம் இல்லை என்பதால் காப்பீட்டை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். 2004ல் ஸ்வரண் சிங் வழக்கு: ஓட்டுநர் உரிமத்தில் குறை இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறை விபத்துக்கு வழிவகுத்ததா என்று பார்க்க வேண்டும். 2008ல் நிதின் கண்டேல்வால், 2010ல் அமலேந்து சாஹு: நிபந்தனை மீறல் இருந்தாலும் கோரிக்கையை முழுக்கத் தள்ளாமல், 75 சதவீதம்வரை கொடுத்து முடிக்கலாம்.

இவற்றை வைத்து இரண்டு கால் உள்ள வாதம் ஒன்றைக் கட்டினேன். ஒரு கால்: பத்தாயிரம் மணி நேரம் பறந்தவருக்குப் பன்னிரண்டு மணி ஒரு பொருட்டே அல்ல. இன்னொரு கால்: விபத்துக்குக் காரணம் காற்று, மணி நேரக் குறைவு அல்ல. எழுத்துபூர்வமான வாதத்தைப் படித்துவிட்டு ஆணையத்தின் தலைவர், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கவுன்சல், மணி நேரம் முக்கியமா, முக்கியமில்லையா? முதல் பக்கத்தில் முக்கியம் என்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் முக்கியமில்லை என்கிறீர்கள். எனக்கு எந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்கிறீர்கள்?"

மாற்று வாதம் வைக்க வழக்கறிஞருக்கு உரிமை உண்டு என்றேன். உரிமை உண்டு, பதில்தான் இல்லை என்றார்.

கம்பெனிக்காக வந்தவர் என்னைவிட மிகவும் இளையவர். குரல் உயர்த்தாமல் பேசுவார். கேஸ் கட்டில் ஒரு தாளைத் தேடி நான் பார்த்ததே இல்லை. எல்லாம் நினைவில் இருக்கும். விமானக் காப்பீடு கடல் காப்பீட்டின் வயிற்றில் பிறந்தது என்று ஆரம்பித்தார். 1963ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, வாரன்ட்டி என்பது ஆபத்தோடு தொடர்புடையதோ இல்லையோ, அப்படியே கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்கிறது. லாரித் தீர்ப்புகளை இங்கே கொண்டுவருவது பொருந்தாது. அதோடு நிற்கவில்லை. குறைந்தபட்ச மணி நேரம் என்பது ஏதோ குமாஸ்தா போட்ட எண் அல்ல, உலகமே பாதுகாப்பின் அடிப்படை என்று ஏற்ற ஒன்று என்று காட்ட அமெரிக்காவை அழைத்தார். 2013ல்தான் அங்கே புது விதி நடைமுறைக்கு வந்திருந்தது. பயணிகள் விமானத்தின் துணை பைலட்டுக்கு முன்பு 250 மணி போதும், இப்போது 1500. ராணுவத்தில் ஓட்டியவருக்கு 750, விமானத்துறைப் பட்டதாரிக்கு 1000 என்று சலுகை உண்டு. பொதுவிதி 1500. "ஒரு விபத்தில் ஐம்பது பேர் இறந்த பிறகு எழுதப்பட்ட சட்டம், சார்" என்றார்.

அந்த விபத்தைப் பற்றி அதுவரை எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். வாய்தா வாங்கிக்கொண்டு அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை எடுத்துப் படித்தேன்.

2009 பிப்ரவரி 12 இரவு. நெவார்க்கிலிருந்து பஃபலோ போகும் விமானம். டிக்கெட்டில் கான்டினென்டல் பெயர். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சிறிய கம்பெனி. பாம்பார்டியர் கியூ400 ரகம். இறங்க வரும் நேரத்தில் வேகம் குறைந்துகொண்டே போனதை இரண்டு பைலட்டுகளும் கவனிக்கவில்லை. வேகம் அளவுக்குக் கீழே போனால் பைலட்டின் கைப்பிடி தானாக அதிரும். மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்கச் சொல்லும் எச்சரிக்கை அது. கேப்டன் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு மேலே போயிற்று, இறக்கை காற்றின் பிடியை இழந்தது. கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மேல் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். கேப்டன் முன்பு சில தகுதிப் பறப்புகளில் தவறியவர். துணை பைலட் முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து நாட்டின் குறுக்கே பறந்து வேலைக்கு வந்தவர். ஒழுங்கான படுக்கை அவருக்கு வாய்க்கவில்லை.

எனக்கு வேண்டியது வேறொரு பக்கத்தில் இருந்தது. கேப்டனின் மொத்த அனுபவம் 3,379 மணி. துணை பைலட்டுக்கு 2,244 மணி. அடுத்த விசாரணையில் அந்தப் பக்கத்தை நீட்டினேன். 1500 மணிச் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தாலும் இந்த இரண்டு பேரும் அதே இருக்கைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எந்த விபத்தின் பெயரால் சட்டம் வந்ததோ அந்த விபத்தையே அது தடுத்திருக்காது. தலைவர் அந்தப் பக்கத்தைத் தன் கையால் மடித்து வைத்துக்கொண்டார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். "என் நண்பர் அதே பக்கத்தில் அடுத்த வரியைப் படிக்கவில்லை, சார். மொத்தம் 3,379. அதில் கியூ400 ரகத்தில் 111."

எங்கள் பாலிசி கேட்டது மொத்தத்தை மட்டுமல்ல, இந்த ரகத்தில் எத்தனை என்பதையும்தான், பஃபலோவில் குறைவாக இருந்ததும் அதுதான் என்றார். விடவில்லை நான். துணை பைலட்டுக்கு அந்த ரகத்தில் 774 மணி இருந்தது. கைப்பிடி அதிர்ந்து விமானம் தடுமாறிய நேரத்தில் யாரும் சொல்லாமலே இறக்கை மடல்களை உள்ளே இழுத்தது அவர்தான். ரக மணியும் காப்பாற்றவில்லையே? அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் பத்தாயிரம் மணியும் காப்பாற்றாது என்று நண்பர் ஒப்புக்கொள்கிறார்" என்று சொல்லி மங்களூருவை எடுத்தார்.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த விமானம் மேஜைபோல் வெட்டிய குன்றின்மேல் உள்ள ஓடுதளத்தைத் தாண்டிப் போய் விழுந்து 158 பேர் இறந்த விபத்து. கேப்டன் பத்தாயிரம் மணி தாண்டியவர். பயணத்தில் நெடுநேரம் தூங்கியிருக்கிறார் என்று விசாரணையில் தெரிந்தது. உயரம் அதிகம், வேகம் அதிகம். துணை பைலட் மூன்று முறை கோ அரவுண்ட் என்று சொன்னார். இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வருவோம் என்பது அதன் பொருள். கேப்டன் இறக்கினார்.

ஒரே அறிக்கையை இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததைத் தலைவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இரண்டு பேரும் அமெரிக்காவிலிருந்து திரும்பி வாருங்கள். விமானத்தை ஓட்டியவரைக் கூப்பிடுங்கள்" என்றார்.

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சிக் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்வது வழக்கமில்லை. பிரமாணப் பத்திரம், வினாப் பட்டியல், எழுத்துபூர்வமான பதில் என்று தாளிலேயே முடிந்துவிடும். ஆனாலும் சில தலைவர்கள் ஆளைப் பார்க்க விரும்புவார்கள். கேப்டனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும் பதில். முப்பது வருஷம் சுருக்கமாகப் பேசியே பழகிய மனிதருக்கு அதைச் சொல்லத் தேவையே இல்லை என்று நினைத்தேன்.

என்ன நடந்தது என்று தலைவர் கேட்டார்.

"நான் உயரத்திலேயே ஃப்ளேர் பண்ணிட்டேன், சார்."

தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தை மெதுவாக்குவதுதான் ஃப்ளேர். சீக்கிரம் செய்தால் விமானம் காற்றில் தொங்கி, வேகம் இழந்து, பொத்தென்று விழும். ஏன் உயரத்திலேயே செய்தீர்கள் என்று கேட்டார்.

"ஏர்பஸ்ல சக்கரம் தரையில இருக்கும்போதே என் கண்ணு ரெண்டாள் உயரத்துக்கு மேல இருக்கும், சார். அந்த உயரத்துலதான் எனக்குத் தரை வந்துடுச்சுன்னு படும். செஸ்னாவுல ஓர் ஆள் நின்னா எவ்வளவோ அவ்வளவுதான். தெரியும். ஆனா தெரியறது வேற, கண்ணு நம்பறது வேற. காத்து இல்லாத நாள்ல சமாளிச்சுடுவேன். அன்னிக்குக் காத்து."

எத்தனை காற்று என்று கேட்டார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். செஸ்னா 172ஐப் பக்கவாட்டுக் காற்றில் இறக்கிக் காட்டியதாகத் தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவு 15 நாட். அன்றைய காற்று அதற்குள்தான் இருந்தது என்றார் கேப்டன். காற்றைக் காரணம் காட்டிய என் வாதத்தின் ஒரு கால் அங்கே ஒடிந்தது. இன்னும் கேட்டார்கள்; இன்னும் சொன்னார். பெரிய விமானத்தில் பயணத்தின் பெரும்பகுதி கால் சும்மா இருக்கும்; செஸ்னாவில் காலுக்குத்தான் வேலை. எம்பியவுடன் முழு பவர் கொடுத்து மேலே போயிருக்க வேண்டும். கை முந்திக்கொண்டு மூக்கை அழுத்திவிட்டது.

"பத்தாயிரம் மணி நேரம் ஓட்டியவர் நீங்கள்" என்றார் தலைவர்.

"சென்னையிலேர்ந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், சார். சக்கரம் நகர ஆரம்பிச்சதுலேர்ந்து நிக்கற வரைக்கும் லாக் புக்ல நாலு மணி. கையால ஓட்டினது ஏறும்போது சில நிமிஷம், இறங்கும்போது சில நிமிஷம். மிச்சத்துக்கு ஆட்டோபைலட். வானிலை பாக்கணும், எரிபொருள் கணக்கு பாக்கணும், முடிவு எடுக்கணும். அதுவும் வேலைதான். ஆனா அது இந்த வேலை இல்ல."

கடைசியாகத் தலைவர் கேட்ட கேள்விதான் வழக்கின் கேள்வி. "அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் இருந்திருந்தால் விபத்து நடந்திருக்காதா?"

கேப்டன் உடனே பதில் சொல்லவில்லை. "மணி இல்ல, சார். பன்னண்டு மணி நேரம் நேராப் பறந்து கோயம்புத்தூர் போயிட்டு வந்திருந்தா ஒண்ணும் மாறியிருக்காது. ரெண்டு மணி நேரம் காத்துல சர்க்யூட் அடிச்சிருந்தா மாறியிருக்கும்."

ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கி, நிற்காமல் மறுபடி ஏறுவதுதான் சர்க்யூட். சிறிய விமானத்தில் ஒரு சுற்றுக்கு ஆறேழு நிமிஷம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் பதினைந்து தடவைக்கு மேல் தரையைத் தொட்டுவிடலாம். கேப்டனின் பதிலை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறித்துக்கொண்டார். நானும் குறித்துக்கொண்டேன். இரண்டு பேருக்குமே அது தேவைப்பட்டது. பின்வரிசையில் என் கட்சிக்காரர் மட்டும் தலையில் கை வைத்திருந்தார்.

அந்த வழக்குக்குப் பிறகு 1500 மணி விதியைப் பற்றி எங்கே செய்தி வந்தாலும் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. விதியை ஆதரிப்பவர்கள் கையில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. கோல்கனுக்குப் பிறகு 2025 ஜனவரியில் வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறக்கும்வரை, அமெரிக்கப் பயணிகள் விமானக் கம்பெனி எதுவும் அந்த அளவு விபத்தைச் சந்திக்கவில்லை. ஏறக்குறைய பதினாறு வருஷம். அது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அந்த விதிக்கு அடிப்படையான 2010 சட்டம் 1500ஐ மட்டும் கொண்டுவரவில்லை. பைலட்டின் பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் புது விதி வந்தது. தேர்வில் தவறியவரின் பழைய பதிவுகளை வேலை கொடுக்கும் கம்பெனி பார்க்க வழி செய்யப்பட்டது. விமானம் காற்றின் பிடியை இழக்கும் நிலையை சிமுலேட்டரில் நிஜமாகவே அனுபவிக்க வைத்து மீளச் சொல்லிக் கொடுப்பது கட்டாயமானது. பஃபலோ கேப்டனுக்கு அந்த ரகத்தில் கைப்பிடி தானாக முன்னால் தள்ளுவதை சிமுலேட்டரில் யாரும் காட்டியதில்லை. அப்போது அது கட்டாயமும் இல்லை. இத்தனையும் ஒரே காலத்தில் நடந்திருக்கும்போது, பலனை எடுத்து 1500 என்ற எண்ணின் இலையில் மட்டும் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த 1500ஐ அங்கே எப்படிச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சிறிய விமானத்தில் பயிற்றுநராக, மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து. இன்னும் சிலர் விளம்பரத் துணியை விமானத்தின் வாலில் கட்டிக் கடற்கரை ஓரம் இழுத்துக்கொண்டு. பயிற்றுநர் வேலை நல்ல பள்ளிக்கூடம். அடுத்தவன் செய்யும் தப்பைப் பார்த்துத் திருத்துகிறவனுக்குத் தன் தப்பும் தெரியும். துணி இழுப்பவன் அதே வெயிலில் அதே கரையில் அதே வேகத்தில் போய்வருகிறான். பதிவேட்டில் இரண்டும் ஒரே மணிதான். பைலட் சோர்ஸ் ஸ்டடி என்று 2010லிருந்து அங்கே தொடர்ந்து வந்த ஆய்வில், அதிக மணியோடு வந்தவர்களே கம்பெனிப் பயிற்சியில் நன்றாகத் தேறினார்கள் என்று தெரியவில்லை. விமானக் கல்லூரிப் படிப்பும் பயிற்றுநர் அனுபவமும் உள்ளவர்கள் மேலாக நின்றார்கள். அந்த ஆய்வு அளந்தது பயிற்சியை, விபத்தை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 200 மணிக்குப் பக்கத்திலேயே ஓர் இளைஞன் ஏர்பஸ்ஸின் வலப்பக்க இருக்கையில் உட்காரலாம். 2006ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அறிமுகப்படுத்திய மல்ட்டி-க்ரூ பைலட் உரிமம் நிஜப் பறப்பும் சிமுலேட்டரும் சேர்த்து 240 மணி கேட்கிறது. ஆனால் ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேர் ஓட்டும் பெரிய விமானத்துக்காகவே பழக்குகிறது. குறைந்த மணிக்காரன் இருப்பதால் அங்கெல்லாம் விமானங்கள் விழுந்துகொண்டிருக்கவில்லை. நம் நாட்டில் நடந்த இரண்டு பெரிய விபத்துகளில், மங்களூருவிலும் 21 பேர் இறந்த 2020 கோழிக்கோட்டிலும், இடப்பக்க இருக்கையில் இருந்தவர்கள் பத்தாயிரம் தாண்டிய கேப்டன்கள். பைலட் பதிவேட்டில் பகல், இரவு, தனியாக, பயிற்றுநரோடு, கருவியைப் பார்த்து என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. இறங்காமல் திரும்பிப் போன தடவைகளுக்குக் கட்டம் இல்லை.

இந்த விவாதத்தில் யாருமே சும்மா பேசவில்லை என்பதையும் கவனித்தேன். அமெரிக்க பைலட் சங்கம் 1500ஐ விடாமல் பிடித்திருக்கிறது. பைலட் கிடைப்பது அரிதானால் சம்பளம் ஏறும். சிறு கம்பெனிகள் எதிர்க்கின்றன; அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கஷ்டம். 2022ல் ரிபப்ளிக் ஏர்வேஸ் தன் பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கு 750 மணி போதும் என்று விலக்குக் கேட்டது. அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் மறுத்துவிட்டது. தங்கள் பிள்ளைகளை இழந்த பஃபலோ குடும்பங்கள் மட்டும் காசுக்காகப் பேசவில்லை. அவர்களுக்கு ஓர் எண் தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. நாடாளுமன்றம் துக்கத்துக்கு எண்ணைத்தான் கொடுக்க முடியும். சட்டத்தில் எழுதுவதற்கு அதைவிட எளிதானது எதுவும் இல்லை. நல்ல பயிற்சி எது என்று ஒரு பிரிவில் எழுதிப் பாருங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் என்னைப்போல் ஒருவன் வந்து நிற்பான்.

அதனால்தான் மணியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்பீட்டுக் கம்பெனியின் ஐம்பது, எங்கள் வழக்கில், குருட்டு ஐம்பது அல்ல. அதை எழுதியவர் யாரோ, பெரிய விமானத்திலிருந்து சிறியதற்கு இறங்கி வருகிறவர்களை நிறையப் பார்த்தவராக இருக்க வேண்டும். மொத்தத்தைக் குறைவாகவும் ரகத்தைத் தனியாகவும் கேட்டதில் ஒரு புத்தி இருந்தது. அமெரிக்கச் சட்டத்தின் 1500ல் இல்லாத புத்தி.

உத்தரவு வர நாளாயிற்று. நிபந்தனை மீறப்பட்டது உண்மை. வேண்டுமென்றே மறைத்தது எதுவும் இல்லை. கேப்டன் நேர்மையாகச் சொன்னதை ஆணையம் பதிவுசெய்கிறது. விபத்துக்கும் குறைவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது, குறைவுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. எனவே அமலேந்து சாஹு வழியில் சர்வேயர் மதிப்பில் 75 சதவீதம், வட்டியோடு. என் மாற்று வாதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது தயவு என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு தரப்பும் மேல்முறையீடு செய்யவில்லை. தாழ்வாரத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "உங்க கேப்டன் மாதிரி ஒரு சாட்சி என் பக்கம் இருந்திருந்தா முழுசா ஜெயிச்சிருப்பேன், சார்" என்றார். உங்கள் பக்கம்தான் இருந்தார் என்றேன்.

விமானம் பழுதுபார்க்கப்பட்டு வந்தது. புதுப் பாலிசியில் ரக மணி ஐம்பதிலிருந்து நூறாக ஏறியிருந்தது. அதுவரை தகுதியுள்ள பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கேப்டன் ஓட்டலாம் என்று ஒரு துணை நிபந்தனை. பயிற்றுநர் கிடைத்துவிட்டார். இளம்பெண், மொத்தமே சுமார் அறுநூறு மணி, கிட்டத்தட்ட எல்லாம் செஸ்னாவில். கேப்டனுக்கு அவரோடு சர்க்யூட் அடிப்பதில் எந்த மானக் குறைச்சலும் இல்லை. காலையில் காற்று எழும் நேரம் பார்த்துப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கட்சிக்காரர் தீபாவளிக்குப் போன் செய்தார்.

"வக்கீல் சார், கேஸுல முப்பது லட்சம் வாங்கிக் குடுத்தீங்க, சந்தோசங்க. ஆனா இப்ப பத்தாயிரம் மணிக்கும் நாந்தான் சம்பளம் குடுக்கறேன், அந்தப் புள்ளையோட அறுநூறு மணிக்கும் நாந்தான் குடுக்கறேன். நான் எப்பங்க உள்ள ஏறி உக்காரறது?"